போறணையும் பணியாரமும்

ஊரிலிருந்து தாயார் வருகிறார் என்றால், கொழும்பிலுள்ள மகள் இக்காலத்தில் என்ன செய்கிறாள்? கேக் சுடுகிறாள், குக்கி சுடுகிறாள். கடதாசிக் கிண்ணங்களை வரிசையாக அடுக்கி, குழைத்த மாவைக் கரண்டியால் அளந்து இட்டு, மின்போறணையின் கண்ணாடிக் கதவினூடே அது பொங்கி வருவதைப் பார்த்து நிற்கிறாள். வெள்ளவத்தையிலே காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில், யாழ்ப்பாணத்து இரவு பஸ் வந்து சேர்வதற்கு முந்திய மாலைகளில், இந்த வெண்ணெய் மணத்தை யாரும் நுகரலாம். கொட்டாஞ்சேனையிலோ இது புதிய மணமன்று. அதைப் பற்றிப் பின்னர் கூறுவேன்.

இதனைக் கண்டு முகஞ்சுளிப்போர் நம்மிடையே உளர். பயற்றம் பணியாரமும் சீனி அரியதரமும் எள்ளுருண்டையும் பனங்காய்ப் பணியாரமும் உண்டு வளர்ந்த தாய்க்கு, அவர் பெற்ற மகளே அந்நியப் பண்டத்தைச் சுட்டு வைப்பது பண்பாட்டுச் சீரழிவு என்பது அவர்கள் கட்சி. இக்கட்சிக்கு நான் உடன்படேன். ஆயின், 'எதைச் சுட்டால் என்ன, அன்புதானே முக்கியம்' என்று ஒரே வார்த்தையில் விவாதத்தை முடித்துவிடுவோரோடும் முழுதாக உடன்பட இயலவில்லை. அன்பு என்ற சொல்லைப் போட்டு மூடிவிட்டால், அதன் அடியிலே கிடக்கும் சில சங்கடமான வினாக்கள் வெளியே வருவதேயில்லை.

முதலில் அந்நியம் என்னும் குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோம். கதிரையில் அமர்ந்து, மேசைமீது பாணை வைத்து, யன்னலைத் திறந்து விட்டுக்கொண்டு, 'கேக் நமக்கு அந்நியம்' என்று வாதிடுபவரைப் பார்த்துச் சிரிக்காமல் என்ன செய்வது? கதிரை, மேசை, பாண், யன்னல் ஆகிய நான்கும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள். பாண் வேகும் போறணையும் அவர்களுடைய 'ஃபோர்னோ'தான். கிறிஸ்து பிறப்பை நாம் நத்தார் என்பதும் அவர்கள் வாய்வழி வந்ததே. யாழ்ப்பாணத்துக் கறித்தூளுக்கு உயிர் கொடுக்கும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து அவர்கள் கப்பலில் வந்தது. மிளகாயை மன்னித்துவிட்டுக் கேக்கை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்?

குக்கியின் வரலாறு இன்னும் சுவையானது. ஒல்லாந்து மொழியில் சிறு கேக்குக்குக் 'கூக்யே' என்று பெயர். அச்சொல் அமெரிக்காவிற் குடியேறிய ஒல்லாந்தரோடு சென்று அங்கே ஆங்கிலத்திற் புகுந்து 'குக்கி' ஆயிற்று. இலங்கையை ஆண்ட ஒல்லாந்தரோடு இங்கே வந்து சிங்களத்தில் 'கொக்கிஸ்' ஆயிற்று. அரிசி மாவையும் தேங்காய்ப்பாலையும் கரைத்து, அச்சிலே தோய்த்து எண்ணெயிற் பொரித்தெடுக்கும் கொக்கிஸ் இன்றிச் சித்திரைப் புத்தாண்டுத் தட்டம் இந்நாட்டிலே நிறைவதில்லை. வெள்ளவத்தைப் பெண் இன்று சுடும் குக்கியும் அயல்வீட்டுச் சிங்கள அம்மையார் பொரித்து அனுப்பும் கொக்கிஸும், பிரிந்துபோய்ப் பல தலைமுறை கழித்து ஒரே ஒழுங்கையிற் சந்தித்துக்கொண்ட உடன்பிறப்புகள்.

கிண்ணக் கேக்குக்கு இத்துணைத் தொலைவான உறவில்லை. அமெலியா சிம்மன்ஸ் என்பார் 1796இல் அமெரிக்காவில் வெளியிட்ட சமையல் நூலில், சிறு கிண்ணங்களில் வேகவைக்கும் கேக்குக்குக் குறிப்புண்டு. எலைசா லெஸ்லியின் 1828ஆம் ஆண்டு நூலிலே 'கப் கேக்' என்ற பெயரே வந்துவிட்டது. அதற்கு முந்திய வழக்கில் மா, சீனி, வெண்ணெய், முட்டை ஒவ்வொன்றும் ஓர் இறாத்தல் என்று நிறுத்தெடுப்பர். தராசு இல்லாத வீட்டிலே கிண்ணத்தால் அளக்கத் தொடங்கியதும் இப்பண்டம் சாதாரணக் குடும்பங்களின் கைக்கு வந்தது. சுண்டாலும் கொத்தாலும் அரிசி அளந்த நம் தாய்மாருக்கு இந்த அளவு முறை விளங்காததன்று.

இலக்கண மாணவர்க்கு ஒரு வார்த்தை. தொல்காப்பியர் செய்யுட்குரிய சொற்களை நான்காக வகுத்தபோது திசைச்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் இடம் வைத்தார். சொல்லுக்கு வாயில் திறந்துவிட்ட மரபு, சோற்றுக்கும் பலகாரத்துக்கும் வாயிலை அடைத்திருக்கும் என்று நம்ப நான் ஆயத்தமாக இல்லை. 1960களின் தொடக்கத்தில் ஈழத்திலே நடந்த மரபுப் போராட்டத்தை அறிந்தோர், மக்கள் வாயில் வழங்குவது இலக்கியத்துக்கு ஆகுமா என்று அன்று எவ்வளவு மை செலவாயிற்று என்பதையும் அறிவர். வழக்கு வென்றது. அடுப்படியிலும் அது முன்னமே வென்றுவிட்டது. பண்டிதர்களுக்கு யாரும் அறிவிக்கவில்லை, அவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனைக்கு வருவோம். புனித லூசியாள் பேராலயத்தின் நிழலிலும் ஜம்பட்டா வீதியின் இருமருங்கிலும் சைவரும் கத்தோலிக்கரும் பல தலைமுறையாகச் சுவரோடு சுவராக வாழ்ந்து வருகின்றனர். தீபாவளிக்கு ஒரு வீட்டிலிருந்து பலகாரத் தட்டம் போகும். நத்தாருக்கு மறுவீட்டிலிருந்து கேக் வரும். ரவையும் கஜுவும் பன்னீரும் சேர்ந்த லவ் கேக்கின் சுவை அங்கே சைவக் குழந்தைகளுக்கும் புதிதன்று. ஹில்டா டியூட்ரம் தொகுத்து 1929இல் வெளிவந்த 'சிலோன் டெய்லி நியூஸ்' சமையல் நூல் அக்காலத்து ஆங்கிலம் படித்த வீடுகளிற் புகுந்தது உண்மைதான். ஆனாற் கொட்டாஞ்சேனைப் பெண்கள் கேக்கைக் கற்றது நூலினின்றும் அன்று. மதிலுக்கு மேலாகக் கைமாறிய தட்டத்தினின்றும் ஆகும்.

இனி, வருகின்ற தாயாரைப் பற்றிச் சிந்திப்போம். தாய் மகள் வீட்டுக்கு விருந்தாளியா? இவ்வினா யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு காலத்தில் எழுந்திருக்கவே இயலாது. ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் வடித்த தேசவழமையும் ஊர் வழக்கமும், பெண்ணுக்கு வீடு வளவைச் சீதனமாகக் கொடுத்தன. மகள் இருக்கும் வீடு தாய் இருந்த வீடு. அன்றேல் அதற்கு அடுத்த வளவு. தாய் அங்கே வருவதில்லை, இருப்பாள். கொழும்பிலே உத்தியோகம் பார்த்த ஆடவர் விடுமுறைக்கு ஊருக்குப் போயினர். முதியோர் கொழும்புக்கு வந்தது குறைவு. 1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கிய பின்னரும் பலகாரப் பெட்டிகள் வடக்கிலிருந்து தெற்கே பயணம் செய்தனவேயன்றி, எதிர்த்திசையிற் போனது பெரும்பாலும் சம்பளப் பணந்தான்.

போர் இதனைத் தலைகீழாக்கியது. 1990இல் யாழ்தேவி வடக்கே செல்வது நின்றது. பின்னர் கொழும்பிலிருக்கும் பிள்ளையைப் பார்க்க விரும்பிய முதியவர், இயக்கத்தின் அனுமதிச் சீட்டுக்குக் காத்திருந்து, கிளாலிக் கடனீரேரியை இரவில் படகேறிக் கடந்து வரவேண்டியதாயிற்று. வந்து சேர்ந்தாலோ பொலிஸ் பதிவு. 2002இல் ஏ9 வீதி திறந்தது. 2006இல் மீண்டும் மூடிற்று. 2007 யூன் 7ஆந் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 300க்கும் மேற்பட்டோர் பஸ்களில் ஏற்றப்பட்டுக் கொழும்பினின்றும் வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்த விடுதிகளிலே இருந்தோர் யாவர்? வைத்தியத்துக்கு வந்தோர், கடவுச்சீட்டுக்குக் காத்திருந்தோர், வெளிநாட்டுப் பிள்ளையின் விசாவை எதிர்பார்த்திருந்த பெற்றோர்.

இதை நான் இங்கே எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் சேர்ந்தது. இரவு பஸ்ஸில் ஏறினால் விடியலில் வெள்ளவத்தை. தாய் மகளைப் பார்க்க வருவது இன்று ஒரு செய்தியே இல்லை. இத்துணை எளிதாக ஒரு தாய் வந்திறங்க முடியாதிருந்த ஆண்டுகளை மனத்திற் கொண்டு பார்த்தால், முந்திய மாலையில் அடுக்களையிலே மாவும் கையுமாக நிற்கும் பெண்ணைச் சீரழிவின் சின்னம் என்று ஏசுவதற்கு நாவு எழாது. தொல்காப்பியர் விருந்து என்னும் சொல்லைப் புதுமை என்ற பொருளிலும் ஆண்டார். தாயே புதிதாக வருபவளாகிவிட்ட காலத்தில், புதியதொன்றைச் செய்து வைக்கத் தோன்றுவது இயல்பே.

ஆனாற் புதியதைச் செய்வோருக்கு ஒரு பொறுப்பு உண்டு. கேக்குக்கு எதிரான மெய்யான வாதம் அந்நியம் என்பதன்று, முட்டை என்பதே. மரக்கறி உண்ணும் சைவத் தாய்மார் பலர்; வெள்ளிக்கிழமையிலும் விரத நாளிலும் மாத்திரம் விலக்குவோர் அவர்களினும் பலர். தட்டத்தைக் கையில் எடுத்ததும் அவர்கள் கேட்கும் முதற்கேள்வி, "பிள்ளை, இதுக்கை முட்டை போட்டதோ?" என்பதுதான். இக்கேள்விக்குச் சில வீடுகளிலே, 'கொஞ்சந்தான், தெரியாது, சாப்பிடுங்கோ' என்ற விடை கிடைக்கிறது. வேறு சில வீடுகளில் 'இல்லை' என்ற பொய்யே கிடைக்கிறது. விளையாட்டாகச் சொன்ன பொய் என்பர். இதைவிடப் பெரிய அவமதிப்பை நான் அறியேன். அறுபது எழுபது ஆண்டுகள் ஒருவர் தம் நாவுக்கு வைத்துக்கொண்ட வேலியை, அவர் அறியாமல் அவர் பிள்ளையே வெட்டிவிடுவது அது. அத்தகைய கேக்கை விடக் கடையில் வாங்கிய மலிவான பிஸ்கற் ஆயிரம் மடங்கு மேல். (முட்டைக்கு முகஞ்சுளிக்கும் அதே தாயார், கள்ளு விட்டுப் புளிக்கவைத்த அப்பத்தை ஆட்சேபமின்றி உண்பாரே என்று கேட்பவர் கேட்கட்டும். வேலியை எங்கே போடுவது என்பது வேலிக்கு உடையவரின் உரிமை.)

முட்டையின்றிக் கேக் வராது என்பதும் தவறு. முட்டை கேக்கிலே மூன்று வேலை செய்கிறது: ஈரம் தருகிறது, காற்றைப் பிடித்துவைக்கிறது, வெந்து இறுகித் தாங்கி நிற்கிறது. இவற்றிற் பெரும்பகுதியைத் தயிரும் அப்பச்சோடாவும் செய்யும். தயிரின் புளிப்புச் சோடாவோடு கூடியதும் கரியமிலவாயு எழும். அதனாற் கலந்த மாவை வைத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிராமல் உடனே போறணைக்குள் தள்ளவேண்டும். பெரிய கேக்கிலே முட்டையில்லாக் குறை நடுவில் அமுங்கித் தெரியும். சிறு கிண்ணத்திலோ வெப்பம் நடுப்பகுதியை விரைவில் எட்டிவிடும், 180 பாகை செல்சியசில் ஏறத்தாழ 20 நிமிடத்தில் வேலை முடியும், அமுங்குவதற்கு அவகாசமில்லை. முட்டை உண்ணாத் தாய்க்குக் கிண்ணக் கேக்கே பொருத்தம் என்பது என் துணிபு. குக்கிக்கோ முட்டை இன்றியமையாததே அன்று.

முட்டையை விலக்குவது ஏதோ குறைப்பட்ட சமையல் என்று எண்ணுவோர், இங்கிலாந்தின் அல்பிரட் பேர்ட் கதையை அறியவேண்டும். அவர் ஒரு மருந்துக்கடைக்காரர். மனைவிக்கு முட்டையும் ஒவ்வாது, ஈஸ்ற்றும் ஒவ்வாது. அவருக்காக 1837இல் முட்டையில்லாக் கஸ்ரட் தூளையும் 1843இல் பேக்கிங் பவுடரையும் ஆக்கினார். இன்று உலகெங்கும் கேக் பொங்குவதற்கு இடப்படும் அத்தூளின் வரலாற்றிலே ஒருத்தியின் ஒவ்வாமையும் அதைப் பொருட்படுத்திய ஒருவரின் கவனமும் இருக்கின்றன. சூரத்திலே ஒல்லாந்தர் விட்டுப்போன வெதுப்பகத்தில், முட்டையும் கள்ளும் நீக்கி உள்ளூரார் நாவுக்கேற்ப ஆக்கியதே நானக்கத்தாய் என்றும் கூறுவர்.

அடுத்தது சீனி. முட்டையைப் பற்றிக் கேட்பவர் தாயார். சீனியைப் பற்றிக் கேட்காமலிருப்பவர் தகப்பனார். சலரோகம் உள்ள தந்தைக்கு முன்னே ஐசிங் பூசிய கேக்கை நீட்டி, 'இண்டைக்கு ஒரு நாள் தானே அப்பா' என்று வற்புறுத்தும் காட்சி எத்தனை வீடுகளில்! அவர் மறுக்கமாட்டார், மகள் முகம் வாடுமென்று உண்பார். பிள்ளையின் ஆசைக்குத் தந்தையின் உடல் விலையாகிறது. பனங்கட்டி போட்டாற் பாதகமில்லை என்பது பரவலான நம்பிக்கை. பனங்கட்டியிலும் இருப்பது பெரும்பாலும் அதே வெல்லந்தான். சுவைக்காகவும் மணத்துக்காகவும் பனங்கட்டியைப் போடுங்கள், நன்றாயிருக்கும். மருந்தென்று எண்ணிப் போடவேண்டாம். கிண்ணக் கேக்கிற் சீனியை நாலிலொரு பங்கு குறைத்தாலும் கேக் கேக்காகவே இருக்கும். ஐசிங்கை அறவே விட்டுவிடலாம். அளவைச் சிறிதாக்கி, ஒன்றோடு நிறுத்த உதவுவது எல்லாவற்றினும் நன்று.

மூன்றாவதாக, செய்பவள் யார் என்று கேட்கவேண்டியிருக்கிறது. இக்கட்டுரையில் இதுவரை மகள், பெண் என்றே எழுதி வந்தேன், நடைமுறை அதுவாயிருப்பதாற்றான். மாமியார் வருகிறார் என்றால் மருமகள் நிலை இன்னும் கடினம். அவள் சுட்ட கேக் கேக்கன்று, பரீட்சைத் தாள். காலை ஏழு மணிக்கு வேலைக்குப் புறப்பட்டு மாலை ஆறுக்குத் திரும்பும் ஒருத்தி, இரவு பத்துக்கு மா அரிக்கிறாள். அவள் கணவனுடைய தாயார்தானே வருகிறார்? கிண்ணத்தால் அளப்பதற்கும் வெண்ணெயையும் சீனியையும் குழைப்பதற்கும் ஆண் கைக்கு எந்தச் சாத்திரம் தடை விதித்தது? அரியதரத்துக்கு மா இடிப்பதில் நெடுங்காலப் பயிற்சி வேண்டும் என்று ஆண்கள் தப்பித்துக்கொண்டனர். கேக்குக்கு அச்சாட்டும் இல்லை.

கடல் கடந்த பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். மகன் ரொறன்ரோவில், தாயார் வெள்ளவத்தை மாடிவீட்டின் நான்காம் தளத்தில். பிறந்தநாளுக்கு இணையத்திற் பணங்கட்டினால், தாயின் பெயர் எழுதிய கேக் வாசலுக்கு வந்து சேருகிறது. இதை நான் பழிக்கவில்லை; வேறு வழியில்லாதவர் செய்வது. ஆயினும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அவர் நேரில் வந்து நிற்கும் பத்து நாளிலும் கேக் கடையிலிருந்தே வருமாயின், அங்கே ஏதோ மறந்துபோயிற்று.

செய்முறையிற் கொழும்புக்கென்று சில தொல்லைகள் உள. நூல்கள் குளிர்நாட்டில் எழுதப்பட்டவை. 'அறை வெப்பத்தில் வெண்ணெய்' என்று அவை கூறுவதை வெள்ளவத்தைப் பிற்பகலில் அப்படியே கைக்கொண்டால், 30 பாகையிலே வெண்ணெய் குழைந்து எண்ணெயாகி நிற்கும். குக்கி போறணையிற் பரந்து தோசையாகிவிடும். உருட்டிய மாவை அரை மணி நேரம் குளிர்ப்பெட்டியில் வைத்தே சுடவேண்டும். சுட்டபின் ஆறியதும் இறுக்கமான தகரப்பெட்டியிலே போடவேண்டும். சீனி ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது, கடற்காற்றோ ஈரத்தைத் தூக்கி வருவது. காலையில் மொறுமொறுத்த குக்கி மாலையில் துவண்டுபோவது சுட்டவளின் குற்றமன்று.

வறுத்த பயற்றம் மாவைக் கோதுமை மாவோடு கலந்து சுட்டுப் பார்க்கும்படி நான் எவரையும் வேண்டிக்கொள்வேன். பயற்றிலே கோதுமையின் பசைத்தன்மை இல்லை. ஆதலால் அக்குக்கி வாயிலிட்டதும் உதிரும். பல்லில்லாத முதியோருக்கு இதனினும் இசைந்த பண்டம் அரிது. ஏலமும் சிறிது மிளகும் சேர்த்தால், கண்ணை மூடி உண்ணும் தாயார் பயற்றம் பணியாரத்தின் உள்ளீட்டை நினைப்பார். 'இது என்ன புதினம்' என்று கேட்டு அடுக்களைக்குள் வந்தும் விடுவார்.

அடுக்களைக்குள் அவர் வருவதையே நான் எதிர்பார்க்கிறேன். பயறு வறுக்கும் பதமும் பாகின் பதமும் அரியதர மா இரவு முழுதும் எத்துணை ஊறவேண்டும் என்பதும், அவர் கையிலே இருக்கின்றன. அளவாக எங்கும் எழுதப்படவில்லை. வெள்ளவத்தைக் கடைகளிலே இவை பொட்டலமாகக் கிடைப்பதாற் கற்க வேண்டிய தேவை இல்லாமற் போய்விட்டது. போறணையைப் பற்றியும் அவர் அறியாதவரல்லர். 1990களில் மின்சாரமின்றி இருந்த யாழ்ப்பாணத்திலே, சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் தகரத்தை வைத்து, மூடிமேலும் கனலிட்டுக் கேக் வேகவைத்த தாய்மார் உண்டு. சிங்களக் கிராமங்களிற் பிபிக்கன் வேகும் முறையும் இதுவே. 2022இலே எரிவாயு வரிசையிலும் நாளொன்றுக்கு 13 மணி வரை நீண்ட மின்வெட்டிலும் அகப்பட்டுக் கொழும்புப் பெண்கள் திகைத்தபோது, ஊர்த் தாய்மார் தொலைபேசியிற் சிரித்திருப்பார்கள்.

தாயார் திரும்பும் நாளும் வரும். வரும்போது முருங்கைக்காயும் ஒடியலும் பணியாரமும் கொண்டுவந்த அந்தப் பெட்டியை வெறுமையாக அனுப்புவது நம் வழக்கமன்று. அதற்குள் குக்கியை அடுக்குங்கள்; ஒவ்வொரு வரிசைக்கும் இடையே எண்ணெய்க் கடதாசி வையுங்கள்; பெட்டியின் மூடியை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். 400 கிலோமீற்றர் குலுங்கிப் போனாலும் நொறுங்காமல் ஊர் சேரும். அயலட்டைக்குப் பங்கிடவும் போதும். கிண்ணக் கேக்கை மட்டும் இங்கேயே உண்டு முடித்துவிடுங்கள். அது வவுனியா தாண்டாது.